ஓய்வூதியப் பணத்தை நம்பி சீட் வாங்காதீர்கள்

கோத்தகிரியிலிருந்து ஒரு தலைமைக் காவலர், மனைவியையும் பிளஸ் டூ முடித்த மகளையும் கூட்டிக்கொண்டு படிப்பு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்தார். 2004-ல் பணியில் சேர்ந்தவர், வயது 44. மகளுக்குக் கோவையில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பேசி வைத்திருக்கிறார்கள். "இப்போது கடன் வாங்கிச் சேர்த்துவிடு, ரிட்டயர் ஆகும்போது மொத்தமாகப் பணம் வருமே" என்று மைத்துனர் சொல்லியிருக்கிறார்.

சார், உங்கள் கவலை புரிகிறது. ஆனால் அந்த யோசனை தவறு.

1.4.2003-க்குப் பிறகு சேர்ந்ததால் நீங்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறீர்கள். அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டும் சேர்ந்ததில் 10 சதவீதம் பிடிக்கிறார்கள், அரசும் அதே அளவு போடுகிறது. உங்கள் சீனியர்கள் வாங்கும் மாத ஓய்வூதியம் அதில் இல்லை. ஆனால் தமிழக அரசு 2026 ஜனவரியில் அறிவித்த உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தில் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி மாதாமாதம் வரும். உங்களுக்குப் பின் அதில் 60 சதவீதம் குடும்பத்துக்கு. ஓய்வு பெறும்போது மொத்தமாகத் தரும் பணிக்கொடை 25 லட்சம் வரை. நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்த மாதப் பணத்தைத்தான். கைக்கு வரும் தொகையெல்லாம் 16 வருடம் வட்டி ஏறிய கடனுக்குப் போய்விட்டால், அப்புறம் மருந்துக்கு யாரிடம் கேட்பீர்கள்?

அதைவிட முக்கியம், உங்கள் மகள். கம்ப்யூட்டர் பற்றிக் கேட்டபோது தலையைத்தான் ஆட்டினாள். தேயிலைத் தோட்டத்துக்குள் வரும் காட்டெருமைகளைப் பற்றிக் கேட்டதும் நிறுத்தவில்லை. கன்று போட்ட மாடு எந்தப் பக்கம் நிற்கும், எவ்வளவு தள்ளி நின்றால் மேய்ந்துகொண்டே இருக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

உங்கள் மலையை விட்டு இறங்கினால் மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. அங்கே வனவியல் பி.எஸ்சி. நான்கு வருடப் படிப்பு. நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு. நாற்றங்கால், மண், மரம், காட்டுயிர் என்று பாதிப் படிப்பு வெளியில்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் தகுதி உண்டு. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கும். முடித்ததும் டிஎன்பிஎஸ்சி நடத்தும் வனத் தொழில் பழகுநர் (ஃபாரஸ்ட் அப்ரெண்டிஸ்) தேர்வை எழுதலாம், யுபிஎஸ்சியின் இந்திய வனப் பணித் தேர்வையும் எழுதலாம். நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நடைத் தேர்வும் உண்டு. மேட்டில் ஏறி இறங்கி வளர்ந்த பெண்ணுக்கு அது பயமில்லை.

படித்ததும் வேலை என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அந்த வாக்கை அந்த இன்ஜினியரிங் கல்லூரியும் கொடுக்க முடியாது. இங்கே கடன் இல்லை, அவளுக்கு விருப்பம் இருக்கிறது.

கோவையில் முன்பணம் கட்டாதீர்கள். வேளாண் பல்கலைக்கழக விண்ணப்பத்தை அவள் கையாலேயே நிரப்பட்டும். தரவரிசைப் பட்டியல் வந்ததும் அவளை மட்டும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.