கோவிவனுக்குக் கிடைத்தது

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் நந்தம்பாக்கம் வழியாகப் போனவன், மழைக்கு ஒதுங்கலாம் என்று அங்குள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தேன். ஒரு கல்லில் பெயர், படைப்பிரிவு, வயது 20. என் மகனுக்கும் அதே வயது. சங்கடமாகிவிட்டது. நண்பரிடம் சொன்னபோது, ‘நம்மை ஆண்ட வெள்ளைக்காரனின் சிப்பாய்க்கு நீ எதற்குக் கண்ணைக் கசக்குகிறாய், போரைப் புனிதமாக்கும் வேலைதானே அந்தக் கல்லெல்லாம்’ என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் சொல்வது சரியா?

எஸ்., குரோம்பேட்டை

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் பாதி சரி. அந்த மீதிப் பாதிக்கு ஒரு பையனின் கதையைச் சொல்ல வேண்டும்.

ஜான் கிப்ளிங், வீட்டில் ஜாக். எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கின் ஒரே மகன். 1914ல் போர் வந்தபோது அப்பா ஊர் ஊராக மேடையேறி இளைஞர்களைப் படையில் சேரச் சொன்னவர். மகனுக்கோ கண் பார்வை மோசம். கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் வருபவர் யார் என்று தெரியாது. மருத்துவச் சோதனையில் தள்ளிவிட்டார்கள். வேறு அப்பாவாக இருந்தால் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்திருப்பார். இவர் தன் நண்பர் ராபர்ட்ஸ் பிரபுவைப் பிடித்து, ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவில் இடம் வாங்கிக் கொடுத்தார். சிபாரிசு என்றால் நம் ஊரில் வேலைக்குத்தான். இது சாவுக்குப் போன சிபாரிசு. 1915 செப்டம்பர் 27, பிரான்சில் லூஸ் சண்டை. பதினெட்டு முடிந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. மழையில் நனைந்த கண்ணாடியோடு அந்தப் பையனுக்கு முன்னால் என்ன தெரிந்திருக்கும் என்று யோசித்தால் எனக்கு மேலே படிக்க ஓடாது.

உடல் கிடைக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் அவன் பிரிவில் தப்பிப் பிழைத்தவர்களைத் தேடித் தேடி விசாரித்தார்கள். 1936ல் கிப்ளிங் சாகும்வரை மகன் எங்கே கிடக்கிறான் என்று தெரியாது. 1992ல்தான் ஒரு பெயரில்லாத கல்லறையை ஜாக்குடையது என்று அறிவித்தார்கள். அதையும் மறுக்கிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

மகன் போனபிறகு கிப்ளிங் போர்க் கல்லறை ஆணையத்தில் (இன்று அதன் பெயர் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம்) சேர்ந்து கடைசிவரை வேலை செய்தார். நீங்கள் பார்த்த தோட்டத்தைப் பராமரிப்பதும் அந்த ஆணையம்தான். தெற்கிலும் கிழக்கிலும் பல ஊர்களில் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப்போர்க் கல்லறைகளை ஒன்றுசேர்க்க 1952ல் அமைத்தார்கள். பணம் இருக்கிறது என்பதற்காக யாரும் பிள்ளையின் உடலை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. தளபதிக்கும் கடைநிலைச் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல்: இது ஆணையத்தின் ஆரம்பகால விதி. பிரான்சில் நிற்கும் கற்கள் 32 அங்குல உயரம், 15 அங்குல அகலம். அடியில் குடும்பத்தார் விரும்பினால் ஒரு வரி, 66 எழுத்துக்குள். இடைவெளியும் கணக்கில் சேரும். ஒரு அம்மா உட்கார்ந்து எழுத்தை எண்ணி எண்ணி அடித்து எழுதியிருப்பாள். அந்த வரியில் போரைப் புனிதமாக்கும் எண்ணம் இருந்தால்கூட எனக்கு அவளிடம் சண்டை இல்லை.

உங்கள் நண்பர் கோபப்பட வேண்டிய இடம் வேறு. ஒரே அளவுக் கல் என்ற விதி எல்லோருக்கும் எட்டவில்லை. முதல் உலகப்போரில் மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்கு, இந்தியாவிலிருந்து பெரும்படை போனது. ‘தம்பிகள்’ என்று செல்லமாக அழைக்கப்படும் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையினரும் அங்கே இருந்தார்கள். சண்டையிலும் நோயிலும் செத்து, கல்லறையும் தெரியாமல் போனவர்களுக்காக 1929ல் பஸ்ராவில் ஒரு நினைவகம் திறந்தார்கள். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கானது. பிரிட்டிஷ்காரர்களுக்குச் சிப்பாய்வரை கல்லில் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். மற்றவர்கள்? படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை. பெயரெல்லாம் ஏட்டில். வந்து பார்ப்பவனுக்கு ஏடு எங்கே இருக்கும்?

நம் பக்கம் செங்கம் அருகே எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவன் வில்லோடு நிற்கிறான், பக்கத்தில் அவன் நாய். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிராமம் தன் நாய்க்குச் செய்ததை, பாதி உலகத்தை ஆண்ட சாம்ராஜ்யம் தனக்காகச் செத்தவனுக்குச் செய்யவில்லை. செலவு மிச்சம் என்று யாரோ ஒரு கோப்பில் எழுதியிருப்பார்கள்!

அதனால் அந்த இருபது வயதுப் பையனுக்காக நீங்கள் கலங்கியதில் ஒரு தப்பும் இல்லை. அவன் எந்தக் கொடிக்காக வந்தான் என்ற விசாரணையை அரசியல் கட்டுரையில் வைத்துக்கொள்ளலாம். பெயர் வெட்டுவதும் போரைப் போற்றுவதும் ஒன்றல்ல. போரைப் போற்றுகிறவர்களுக்கு எண்ணிக்கையே போதும். எத்தனை ஆயிரம் பேர் உயிர் கொடுத்தார்கள் என்று மேடையில் சொன்னால் கைதட்டு விழும். ஜாக், வயது 18, கண் சரியாகத் தெரியாது என்று சொன்னால் யார் கைதட்டுவார்கள்?

அப்புறம் உங்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் சின்னச் சலவைக்கல் பலகைகள் பதித்திருப்பார்கள். இந்தக் கிராமத்திலிருந்து 1914 முதல் 1919 வரை மாபெரும் போருக்கு இத்தனை பேர் சென்றார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். அங்கேயும் எண்ணிக்கைதான். பழைய பள்ளிக்கூடச் சுவர், சாவடி, மணிக்கூண்டு என்று எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், பாதிக்கு மேல் சுண்ணாம்பு பூசி மூடியிருப்பார்கள். உங்கள் சொந்த ஊரில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எந்த வீட்டிலிருந்து யார் போனார்கள் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்று இன்னும் யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள். பெயர் கிடைத்தால் ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம், தேடுவதற்குக் காசில்லை. உங்கள் நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.