தென்னையில் இருப்பது எந்த வண்டு?

விரிந்த ஓலைகள் முக்கோணமாக வெட்டுப்பட்டிருக்கின்றன. சிவப்பு கூன் வண்டா ஐயா?
– வாடிப்பட்டி வாசகர்

இல்லை, காண்டாமிருக வண்டு. கறுப்பாக, கனமாக, தலையில் கொம்போடு இருக்கும். குருத்து விரியாமல் மடிந்திருக்கும்போதே துளைத்துத் தின்றுவிடும். ஓலை விரிந்த பிறகுதான் கத்தரியால் வெட்டியது போலத் தெரியும். ஆக, நீங்கள் பார்ப்பது பழைய கடி. மட்டை இடுக்கில் மென்று தள்ளிய நாரோடு துளை இருந்தால், வண்டு உள்ளே இருக்கலாம். கம்பிக் கொக்கியால் குத்தி எடுங்கள்.

தண்டில் துளை, பழுப்பாகச் சாறு வடிகிறது. கொண்டை பச்சையாகத்தான் இருக்கிறது.
– சோழவந்தான் வாசகர்

பச்சையாக இருக்கிறதென்று விட்டுவிடாதீர்கள். இதுதான் கூன் வண்டு. செம்பழுப்பு நிறம், நீண்டு வளைந்த மூக்கு. காண்டாமிருக வண்டில் மரத்தைத் தின்பது வளர்ந்த வண்டு, இதில் புழு. தண்டுக்குள்ளேயே தின்று, நாரைச் சுற்றிக் கூடு கட்டி, வண்டாகி வெளியே வரும். தண்டில் காதை வைத்தால் சில நேரம் மெல்லும் சத்தமே கேட்கும். நடுக்குருத்து வாடிக் கொண்டை சாய்ந்துவிட்டால் மரம் பிழைக்காது. அப்படிப்பட்ட மரத்தை வெட்டிப் பிளந்து, புழுவையும் கூட்டையும் அழித்துவிடுங்கள். வேலியோரம் சாய்த்துப் போட்டால் அடுத்த மரத்துக்கும் வண்டு போகும்.

எருக்குழியில் கொழுத்த வெள்ளைப் புழுக்கள். எதனுடையவை?
– மேலூர் வாசகி

காலைப் பாருங்கள் அம்மா. 3 ஜோடிக் கால், சுருண்டு கிடக்கிறது என்றால் பெரும்பாலும் காண்டாமிருக வண்டுதான். கூன் வண்டின் புழுவுக்குக் கால் கிடையாது, எருவில் வளரவும் வளராது. எருவைக் கிளறிவிட்டால் கோழிகள் பொறுக்கிவிடும். புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தையும் குழியில் கலந்துவிடுங்கள்.

இரண்டும் ஒரே மரத்தில் வருமா?
– அலங்காநல்லூர் வாசகர்

வரும். காண்டாமிருக வண்டு குடைந்த காயத்திலேயே கூன் வண்டு முட்டையிடும். அதனால்தான் எருக்குழியைக் கவனியுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வேப்பங்கொட்டைத் தூள் 1 பங்கு, மணல் 2 பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தை ஒட்டிய 3 மட்டை இடுக்குகளில் போடுங்கள். பச்சை மட்டையை வெட்டியே ஆக வேண்டுமென்றால் தண்டிலிருந்து 4 அடி விட்டு வெட்டுங்கள். வெட்டுக்காயமும் கூன் வண்டுக்கு வழிதான்.

இனக்கவர்ச்சிப் பொறி ஒன்று வைத்தால் போதுமா?
– உசிலம்பட்டி வாசகர்

போதாது. வண்டை இழுக்கப் பொறியில் வைக்கும் வாசனை மருந்து இரண்டுக்கும் தனித்தனி, கடையில் வண்டின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம், பொறியை இளங்கன்றுகளுக்கு நடுவே தொங்கவிட வேண்டாம், வண்டுகளை அங்கேயே இழுத்துவிடும்.