கூந்தன்குளத்தில் ட்ரோன்: பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார்

250 கிராமுக்குக் குறைவான ட்ரோன், பறக்கவிடுவது என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து, இதில் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன என்று கேட்கிறீர்கள். அந்த எடைக்கு பைலட் சான்றிதழ் தேவையில்லை, சரி. ஆனால் நீங்கள் இருப்பது பறவைகள் சரணாலய ஊர். மஞ்சள் மூக்கு நாரை அங்கே வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டும். ட்ரோனைக் கண்டு தாய்ப்பறவை எழுந்து பறந்தால் முட்டை வெயிலில் கிடக்கும், குஞ்சு தவறிக் கீழே விழும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கூட்டைத் தொந்தரவு செய்வதும் வேட்டைக் கணக்குதான். பறவைகளுக்காகப் பட்டாசையே ஒதுக்கிய ஊர்க்காரர் கத்தாமல் என்ன செய்வார்? முதலில் அவரிடம் போய்ப் பேசுங்கள், எடுத்த வீடியோவையும் காட்டுங்கள். பாதிக் கோபம் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறீர்களோ என்பதாகத்தான் இருக்கும். அப்புறம் வனத்துறையிடம் கேட்காமல் ஊருக்குள் ட்ரோனைப் பறக்கவிடாதீர்கள்.