வேதாகமத் தீர்க்கதரிசனங்களை நம்பாத நண்பனை வாதத்தில் ஜெயிப்பது எப்படி?

"தீர்க்கதரிசனம் எல்லாம் சம்பவம் நடந்த பிறகு எழுதிச் சேர்த்தது என்கிறான் என் நண்பன். அவன் வாயை அடைக்க நல்ல ஆதாரம் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். வாயை அடைக்க என்ற அந்த வார்த்தைக்காகத்தான் இந்த ராத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நானும் ஒரு காலத்தில் அதே வார்த்தையோடு திரிந்தவன்.

தம்பி, உங்களுக்கு இருபது, இருபத்தைந்து வயது இருக்கும். ஞானஸ்நானம் எடுத்து அதிக நாள் ஆகியிருக்காது. அந்த நண்பன் கூடவே வளர்ந்தவன். இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா, அம்மா இரண்டு பேரும் பால்மரம் வெட்டினார்கள். எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வேதக்காரர் வீடு ஆறுதான். தோட்டத்து ஆபிசில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்தவர் என் அம்மாவை அக்கா என்று கூப்பிடுவார், அதனால் எனக்கு அவர் மாமா. சொந்தம் கிடையாது. 1954இல் பெரியார் இரண்டாவது முறையாக மலாயாவுக்கு வந்தபோது மாமாவின் அப்பா நேரில் போய்ப் பேச்சைக் கேட்டவர். அந்த வீட்டில் சாமி படம் இருந்ததில்லை. மாமாவும் அப்படியே வளர்ந்தார். எங்கள் வேதத்தை மட்டும் கேள்வி கேட்டவர் என்று நினைக்காதீர்கள். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் சாமியாடிகளையும் இதே குரலில்தான் கேட்பார்.

1994 வாக்கில் நான் சபையில் ஞாயிறு பள்ளி வாத்தியார். சனிக்கிழமை சாயங்காலம் டவுனில் ஒரு கோப்பிக்கடையில் எனக்கும் மாமாவுக்கும் வாக்குவாதம் நடக்கும். பக்கத்து மேசைக்காரர்கள் கோப்பி-ஓவைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கே வந்துவிடுவார்கள். கூட்டம் சேர்ந்ததும் எனக்கு ஜெயிக்க வேண்டும் என்ற வெறி ஏறிவிடும்.

ஒரு சனிக்கிழமை எசேக்கியேல் 26ஆம் அதிகாரத்தை எடுத்தேன். தீரு என்ற கடலோரப் பட்டணத்தின் கல்லையும் மரத்தையும் மண்ணையும் தண்ணீரில் போடுவார்கள், அது வலை விரிக்கிற பாறையாகும், இனிக் கட்டப்படாது என்று தீர்க்கதரிசி சொல்கிறார். கி.மு. 332இல் அலெக்சாந்தர் வந்தார். கரையில் இருந்த பழைய ஊரின் இடிபாடுகளை அள்ளிக் கடலில் கொட்டி, தீவில் இருந்த ஊருக்குப் பாதை போட்டு, ஏழு மாத முற்றுகையில் பிடித்தார். இரண்டுக்கும் நடுவில் இருநூறு வருஷத்துக்கு மேல். "இதை எப்படி மாமா பின்னாடி எழுதியிருக்க முடியும்?" என்று கேட்டேன். கடை முழுக்கக் கைதட்டல். மாமா பேசவில்லை. "அந்தப் புஸ்தகத்தை ஒரு வாரம் குடு தம்பி" என்று என் வேதாகமத்தை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த சனிக்கிழமை கூட்டம் சேர்வதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். "26ஐ வாசிச்ச. 29ஐ வாசிச்சியா?" என்றார்.

29ஆம் அதிகாரம் 17ஆம் வசனத்திலிருந்து எசேக்கியேலே சொல்கிறார்: பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் தீருவுக்கு விரோதமாகத் தன் சேனையை வேலை வாங்கினான், தலையெல்லாம் மொட்டையாகி, தோளெல்லாம் தோலுரிந்துபோயிற்று, ஆனாலும் அவனுக்குக் கூலி கிடைக்கவில்லை, அதனால் எகிப்தை அவனுக்குக் கூலியாகத் தருகிறேன் என்று. அந்த முற்றுகை 13 வருஷம் நடந்தது என்று சரித்திரத்தில் இருக்கிறது. 26இல் பெயர் சொல்லி வருகிற ராஜா நேபுகாத்நேச்சார்தான். மாமா இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் காட்டினார். இயேசு தீருவின் எல்லைக்குப் போனதாக மாற்கு எழுதுகிறார். பவுல் அந்த ஊரில் ஏழு நாள் தங்கியதாக அப்போஸ்தலர் நடபடிகள் 21 சொல்கிறது. இன்றைக்கும் அது லெபனானில் ஜனங்கள் வாழ்கிற ஊர். "கட்டப்படாத ஊர்ல பவுல் எங்க தங்கினாரு?" என்றார்.

இதற்கு விசுவாசிகளிடம் பதில் இல்லாமல் இல்லை. 26:3இல் பல ஜாதிகள் அலை அலையாக வருவார்கள் என்று இருக்கிறது. 12ஆம் வசனத்தில் "அவன்" என்பது "அவர்கள்" என்று மாறுகிறது. ஆகவே கடைசிப் பகுதி நேபுகாத்நேச்சாரோடு முடிகிற விஷயம் அல்ல என்று சொல்லலாம். அது நியாயமான வாசிப்பு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் மாமா கேட்டது வேறு. "29 உனக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியும். ஞாயிறு பள்ளிக்குத் தயார் செய்தபோதே வாசித்திருந்தேன். "தெரியாது மாமா" என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேதாகமத்தைத் திருப்பிக் கொடுத்தார். சத்தியத்துக்காக வாதாடுகிறேன் என்று போய், வாய்கூசாமல் பொய் சொல்லிவிட்டு வந்தேன். முப்பது வருஷம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் பரவாயில்லை. அந்த நாத்திகர் ஒரு வாரத்தில் எசேக்கியேல் முழுவதையும் தமிழில் வாசித்துவிட்டு வந்தார். இன்றைக்கு எங்கள் சபையில் வாலிபப் பிள்ளைகளுக்கு முன்னால் தமிழ் வேதாகமத்தை நீட்டினால் ஒரு வசனம் வாசிக்கத் தடுமாறுகிறார்கள். பாட்டு வரிகளை ரோமன் எழுத்தில் திரையில் போடுகிறோம். தோட்டத்தை விற்றார்கள், ஜனங்கள் தாமான் (குடியிருப்பு) தாமானாகச் சிதறினார்கள், தமிழ்ப்பள்ளி தூரமாகிவிட்டது, எல்லாம் எனக்கும் தெரியும். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, எங்களைச் சொல்கிறேன். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் படித்துப் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்தார். பிறகு யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் உதவியவர் பழுத்த சைவரான ஆறுமுக நாவலர். நம்பாதவர்கள் கூடக் கைவைத்து உழைத்த தமிழ் அது. அதை நாங்கள் திரையில் ரோமன் எழுத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் நண்பன் சொல்வது எல்லா இடத்திலும் பொருந்தாது. 1947இல் சவக்கடல் ஓரத்துக் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருள் இயேசுவுக்கு நூறு வருஷத்துக்கும் முந்தியது. 66 அதிகாரமும் அதில் இருக்கிறது, 53ஆம் அதிகாரம் உட்பட. நம் மீறுதல்களுக்காகக் காயப்பட்டார் என்கிற பகுதியைச் சிலுவைக்குப் பிறகு யாரும் எழுதிச் சேர்க்கவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். அந்தப் பகுதியில் பாடுபடுகிற கர்த்தரின் தாசன் யார் என்பது தனிக் கேள்வி. ஏசாயா 49:3இல் "இஸ்ரவேலே" என்றுதான் கர்த்தர் தாசனைக் கூப்பிடுகிறார், யூதர்களில் பலர் அப்படித்தான் வாசிக்கிறார்கள். 7:14இல் நம் தமிழில் "கன்னிகை" என்று இருக்கிற இடத்தில் எபிரெயச் சொல் "அல்மா", இளம்பெண் என்று பொருள். கிரேக்க மொழிபெயர்ப்பில் அது கன்னி என்று பொருள்படும் சொல்லாக வந்தது, இயேசுவின் பிறப்பைச் சொல்லும்போது மத்தேயு அதைத்தான் எடுத்தாள்கிறார். தானியேலிலோ உங்கள் நண்பன் கை ஓங்கும். தானியேல் நேபுகாத்நேச்சார் காலத்தவராகச் சொல்லப்படுகிறார், ஆனால் 11ஆம் அதிகாரம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு ராஜா அந்தியோக்கஸ் எப்பிபானஸ் காலத்து விஷயங்கள் வரைக்கும் அவ்வளவு துல்லியமாகப் போகிறது. அதனால் அது அந்தக் காலத்திலேயே எழுதப்பட்டது என்று கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலேயே போர்பிரி என்ற தத்துவஞானி சொல்லிவிட்டார். இன்றைய வேத அறிஞர்களில் பெரும்பாலோர் அதையே ஏற்கிறார்கள். இதை மறைத்துப் பேசினால் என்றாவது ஒரு சனிக்கிழமை உங்கள் நண்பன் புஸ்தகத்தோடு வந்து உட்காருவான்.

இதைப் படிக்கிற சபைக்காரர் யாராவது "பின்வாங்கிப்போனான்" என்பார்கள். இல்லை. நேற்றும் ஜெபக்கூட்டத்தில் இருந்தேன். "இவ்வளவு தெரிந்தும் ஏன் நம்புகிறாய்?" என்று பகுத்தறிவு நண்பர்கள் கேட்பார்கள். நான் தீரு பட்டணத்தைப் பார்த்து இயேசுவை நம்பவில்லை. அம்மா ஜெபித்ததைப் பார்த்து நம்பினேன். அது உங்களுக்கு ஆதாரமாகாது என்பது எனக்குத் தெரியும், அதனால் வாதத்தில் வைப்பதில்லை.

இனி நான் யாரிடமும் அதிகம் பேசாத ஒன்று. என் அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, 2009இல் ஈப்போவில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். அந்த வருஷம் எங்கள் ஊரில் மூன்று நாள் கூட்டம் நடத்த வெளியூரிலிருந்து ஒரு போதகர் வந்தார். அண்ணன் தலையில் கைவைத்து, "கர்த்தர் சொல்லுகிறார், இனி உனக்கு மெஷின் வேண்டாம்" என்று தீர்க்கதரிசனம் உரைத்தார். பக்கத்தில் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு ஆமென் சொன்னவன் நான்.

சனிக்கிழமை போகவில்லை. செவ்வாய்க்கிழமையும் போகவில்லை. வியாழன் ராத்திரி அண்ணனால் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தால்தான் மூச்சு வருகிறது. நுரையீரலில் தண்ணீர். அண்ணி அழுதுகொண்டே மாமா வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். மாமா தன் பழைய புரோட்டோன் சாகாவில் ஈப்போவுக்குக் கொண்டுபோனார். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடுகிற நிலை என்றார் டாக்டர். பிழைத்துக்கொண்டார், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு நாள். போதகருக்குப் போன் செய்தேன். விசுவாசக் குறைவு என்றார்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் மாமா என்னைக் கேலி செய்வார் என்று பயந்துகொண்டே நின்றேன். அவர் ரொம்ப மெதுவாகக் கேட்டார்: "உங்க புஸ்தகத்துலயே இதுக்குச் சோதனை இருக்கே தம்பி, உபாகமம் 18ல. சொன்னது நடக்கலைன்னா அது கர்த்தர் சொன்னது இல்லைன்னு. நீ ஏன் அதைச் சொல்லல அண்ணன்கிட்ட?" எங்கள் சபையில் ஒருவரும் கேட்காத கேள்வியை அவர் கேட்டார்.

எல்லா ஊழியர்களும் அப்படி என்று சொல்ல வரவில்லை. சுகத்துக்காக ஜெபிக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை, இன்றும் ஜெபிக்கிறேன். தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணாதிருங்கள் என்று எழுதிய பவுலே அடுத்த வரியில் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார். முதல் வரியை மட்டும் பிடித்துக்கொண்டு என் அண்ணனைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன்.

2011 மே 21இல் நியாயத்தீர்ப்பு என்று அமெரிக்காவில் ஹெரால்டு கேம்பிங் வானொலியில் நாள் குறித்துச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்காது. அது ஒரு சனிக்கிழமை. எங்கள் ஊரில் ஓரிருவர் அன்று வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே முழங்காலில் இருந்தார்கள். அண்ணன் விடியற்காலையிலேயே சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார், மாமா காரை எடுத்துக்கொண்டு வந்தார், இரண்டு பேரும் டயாலிசிஸுக்குப் போனார்கள். அண்ணன் அடுத்த வருஷம் வரைக்கும் இருந்தார்.

தம்பி, அந்த நண்பனிடம் போங்கள். எசேக்கியேல் 26ஐக் காட்டுவதாக இருந்தால் 29:17 முதல் 20 வரையும் நீங்களே முதலில் வாசித்துக் காட்டுங்கள், அவன் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். ஏசாயா சுருளையும் சொல்லுங்கள், அது நம் பக்கத்தில் பலமான விஷயம். அவன் என்ன சொன்னான் என்று இங்கே கீழே எழுதினால் நான் கட்டாயம் வாசிப்பேன்.