சமவெளியில் வளர்ந்த பூனையைக் கோத்தகிரிக்குக் கொண்டுவந்தால் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி: ஈரோட்டிலிருந்து கோத்தகிரிக்கு வீடு மாறி ஒரு வாரம் ஆகிறது. கருத்தடை செய்த கடுவன் பூனை, 2 வயது, 4 கிலோ. வந்ததிலிருந்து கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறான். தின்பது டிரை ஃபுட்தான், தண்ணீர்ப் பக்கமே போவதில்லை. இந்தக் குளிரைத் தாங்குவானா?

பதில்:

குளிரைத் தாங்குவான். தரை வெள்ளையாக உறைபனி விழும் ஊட்டியிலேயே எத்தனையோ பூனைகள் நன்றாக இருக்கின்றன. கவலைப்பட வேண்டியது, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தத் தண்ணீர் விஷயத்துக்குத்தான். அதை முதலில் பார்த்துவிடுவோம்.

வீட்டுப் பூனையின் மூதாதைகள் மேற்காசிய வறண்ட நிலத்துக் காட்டுப்பூனைகள். இரையின் உடம்பிலிருக்கும் ஈரத்தை வைத்தே காலம் ஓட்டிய இனம் என்பதால் பூனைக்குத் தாக உணர்வு இயல்பிலேயே குறைவு. மலைக்கு வந்தால் அது இன்னும் குறையும், குழாயில் வரும் தண்ணீர் வேறு பல் கூசும். 4 கிலோ பூனைக்கு உணவில் வருவதையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 மில்லி தண்ணீர் தேவை. டிரை ஃபுட்டில் தண்ணீர் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதை மட்டும் தின்று, குடிக்காமலும் சுருண்டு படுத்திருந்தால் சிறுநீர் கெட்டியாகி, படிகங்களும் சளி போன்ற கழிவும் சேர்ந்து சிறுநீர்ப் பாதையில் அடைத்துக்கொள்ளும். பெண் பூனைக்குப் பாதை அகலம், பெரும்பாலும் தப்பிவிடும். கடுவனுக்கு அது மிகக் குறுகலானது. இதோடு இடம் மாறிய பதற்றமே சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கும். வீடு மாற்றம், கடுவன், குளிர், உலர் தீனி, இந்த நான்கும் உங்கள் வீட்டில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

அடைப்பு வந்தால் இப்படித் தெரியும்: மண் பெட்டிக்குத் திரும்பத் திரும்பப் போவான், நெடுநேரம் குந்துவான், ஒன்றிரண்டு சொட்டு வரும் அல்லது ஒன்றுமே வராது, கத்துவான், குறியை நக்கிக்கொண்டே இருப்பான். பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்து ஒரு நாளை வீணாக்கிவிடுவார்கள். வாந்தி, சோர்வு தொடங்கிவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறது என்று பொருள். அது இதயத்தை நிறுத்தும். முழு அடைப்பு ஒன்றிரண்டு நாளில் உயிரை வாங்கிவிடும். வயிற்றை நீங்கள் அமுக்கிப் பார்க்கக் கூடாது, நிரம்பிய பை உடைந்துவிடலாம். மருத்துவர் மயக்கம் கொடுத்துக் குழாய் செருகி, குளுக்கோஸ் பாட்டில் போட்டு ஓரிரு நாள் வைத்துப் பார்க்க வேண்டிய நோய் இது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடிய விஷயமே இல்லை.

வராமல் தடுப்பது எளிது. தினம் இரண்டு வேளையாவது வெட் ஃபுட் கொடுங்கள். 85 கிராம் பவுச் ஒன்றில் 65 மில்லிக்கு மேல் தண்ணீரே இருக்கிறது. அதில் இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் கலந்தால் வாசம் தூக்கும், தண்ணீரும் கூடும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது, அந்தப் பதம். வெட் ஃபுட்டுக்குப் பட்ஜெட் இடம் தராவிட்டால் உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் வேகவைத்த கோழியின் தண்ணீரை டிரை ஃபுட்டில் ஊற்றுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், ஆகவே குழம்பில் கிடந்த கறித்துண்டைக் கழுவிப் போடுகிற பழக்கம் வேண்டாம். குடிநீரை அகலமான பீங்கான் கிண்ணத்தில் வீட்டில் மூன்று இடத்தில் வையுங்கள், சாப்பாட்டுக்கும் மண் பெட்டிக்கும் பக்கத்தில் வேண்டாம். காலையில் கொஞ்சம் வெந்நீர் கலந்து குளிர் முறித்து வைத்தாலே குடிப்பது கூடும்.

கட்டிலுக்கு அடியில் கிடப்பதைப் பொறுத்தவரை, இழுத்து வெளியே எடுக்காதீர்கள். ஒரே ஓர் அறையில் தீனி, தண்ணீர், மண் பெட்டி, ஈரோட்டில் அவன் படுத்த பழைய துணி (துவைக்காமல், அந்த வாசத்தோடு), ஏறி உட்கார உயரமான ஓரிடம், இவ்வளவையும் வைத்து ஐந்தாறு நாள் விடுங்கள். அவனாக வாலைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்த பிறகு அடுத்த அறையைத் திறக்கலாம். சாப்பிடுகிறானா என்பதை மட்டும் தினம் பாருங்கள். இரண்டு நாள் முழுப்பட்டினி கிடந்த பூனைக்கு, அதுவும் குண்டுப் பூனைக்கு, ஈரலில் கொழுப்பு படிந்து மஞ்சள் காமாலை வரலாம்.

படுக்கைக்கு விலையுயர்ந்த எதுவும் வேண்டாம். அவன் திரும்பிப் படுக்கிற அளவு மட்டும் உள்ள அட்டைப்பெட்டி போதும். பெரிய பெட்டியில் உடம்புச் சூடு தங்காது. பக்கவாட்டில் 15 சென்டிமீட்டர் வாசல் வெட்டி, அடியில் பத்துத் தாள் செய்தித்தாளும் மேலே ஃப்ளீஸ் போர்வையும் போட்டு, தரையிலிருந்து ஓரடியாவது உயர்த்தி வையுங்கள். மலைவீடுகளின் சிமென்ட் தரை குளிரை வாங்கி வைத்துக்கொண்டு இரவெல்லாம் விடும். வெந்நீர்ப் பாட்டில் வைப்பதானால் துண்டில் சுற்றி ஓர் ஓரமாக வையுங்கள், சூடு அதிகமானால் அவன் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். காலை வெயில் விழும் சன்னல் திண்டை அவனுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள், எப்படியும் அவன் எடுத்துக்கொள்வான்.

கரி அடுப்பு மட்டும் அறைக்குள் வேண்டவே வேண்டாம். சன்னலை அடைத்துக் கணப்பு வைத்தால் கார்பன் மோனாக்சைடு மனிதனையும் பூனையையும் தூக்கத்திலேயே முடித்துவிடும்.

அடுத்தது இந்த ஊருக்கே உரிய ஓர் ஆபத்து. சளி பிடித்தால் நீலகிரித் தைலம் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. பூனைக்கு அது விஷம். இப்படிப்பட்ட பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் நொதி வேலை பூனையின் ஈரலில் மிகக் குறைவு. விண்டர்கிரீன் தைலம் இன்னும் மோசம், அதிலிருப்பது ஆஸ்பிரின் குடும்பத்து மீத்தைல் சாலிசிலேட். எலுமிச்சம்புல் தைலம், கற்பூரம், தலைவலித் தைலங்கள், பினாயில் எல்லாம் இதே வரிசைதான். பூனை நேரடியாகக் குடிக்காது. தரையில் துடைத்ததை மிதித்துப் பாதத்தை நக்கும், முழங்காலுக்குத் தைலம் தேய்த்தவர் மடியில் படுத்துவிட்டு முடியை நக்கும். எச்சில் ஒழுகுதல், தள்ளாட்டம், உடம்பு சில்லிட்டுப்போதல் ஆகியவை அறிகுறிகள். உடம்பில் பட்டுவிட்டால் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவமும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துவட்டி, சூடாக வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். பூனைக்கே மூக்கடைப்பு என்றால் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தி, அந்த ஆவியில் பத்து நிமிடம் உங்களோடு உட்கார வைத்தால் போதும், தண்ணீரில் எதையும் விடாதீர்கள். பாரசிட்டமாலும் கூடாது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

பூக்களில் ஒன்றை மட்டும் பெயர் சொல்லி எச்சரிக்க வேண்டும்: லில்லியம். நீலகிரி, கொடைக்கானல் பசுமைக்குடில்களில் வெட்டுப்பூவாக வளர்ப்பது. இந்த மலைகளுக்கே உரிய காட்டு நீலகிரி லில்லியும் அதே பேரினம்தான். இலையைக் கடித்தாலும், முடியில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலும் சிறுநீரகம் செயலிழக்கும். சில மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் பிழைக்கும். ஓடைக்கரையில் புதராக வளரும் வெள்ளை ஆரம் லில்லி வேறு. அது வாயை எரித்து எச்சில் ஒழுக வைக்கும், அவ்வளவு கொடியதல்ல.

மழைக்காலம் குளிரைவிடத் தொல்லை. கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது, அக்டோபரிலிருந்து துணி காயாது. அந்த ஈரத்தில் படர்தாமரை பிடிக்கும்: காது, மூக்கு, முன்னங்காலில் முடி உதிர்ந்து செதிலோடு வட்டமாகத் தெரியும், உங்கள் கையிலும் ஒட்டும். மருந்துக்கடையில் படைக்கு விற்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அவை அரிப்பை அடக்கிப் பூஞ்சையை வளர்க்கும். மருத்துவர் தரும் மாத்திரையை வாரக்கணக்கில், முடி வளர்ந்த பிறகும் அவர் சொல்லும்வரை கொடுக்க வேண்டும். படுக்கைத் துணி இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். கம்பளி மூன்று நாளானாலும் காயாது, ஃப்ளீஸ் ஓரிரவில் காய்ந்துவிடும். குளிப்பாட்டத் தேவையில்லை, வாரம் இருமுறை சீவினால் போதும். பெர்ஷியன் என்றால் தினமும்.

இதே ஈரம் தீனியையும் மண்ணையும் கெடுக்கும். மலிவு என்று 7 கிலோ டிரை ஃபுட் மூட்டை வாங்கினால் பாதியில் பூசணம் பூக்கும், ஒரு மாதத்தில் தீர்கிற அளவு வாங்கி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். உங்கள் பூனைக்கு நாளுக்கு 200 முதல் 220 கலோரி போதும். டிரை ஃபுட்டாகவே கொடுத்தால் 55 கிராம், ஒரு பவுச் கொடுத்தால் அதற்கேற்ப 15, 20 கிராமைக் குறைக்க வேண்டும். குளிருக்காகக் கூடுதலாகப் போட வேண்டாம், வீட்டுக்குள் படுத்திருப்பவனுக்கு அது கொழுப்பாகத்தான் சேரும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. தயிர்சாதத்தில் டாரின் (இறைச்சியில் கிடைக்கும், பூனைக்குக் கட்டாயம் வேண்டிய சத்து) இல்லை. அது இல்லாமல் மாதக்கணக்கில் போனால் கண்ணும் இதயமும் கெடும். வெறும் கோழிக்கறியில் சுண்ணாம்புச் சத்து இல்லை. வீட்டுச் சமையல் கொடுத்தாலும் பாதியாவது முழுச்சத்துத் தீனியாக இருக்கட்டும். பால் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குக் கழிச்சல்தான்.

மண் பெட்டி பூனையின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும், மண் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையக் கூடாது. ஒரு பூனைக்கு இரண்டு பெட்டி. ஈரம் பட்டால் கட்டியாகும் மண்ணை வாங்கினால் சிறுநீர்க் கட்டிகளைத் தினம் எண்ணுங்கள். இரண்டு, மூன்று கட்டி இருந்தது ஒன்றாகக் குறைந்தால் நோயை ஒரு நாள் முன்பே பிடித்துவிடலாம். தோட்டத்து மண்ணை அள்ளிப் போடாதீர்கள், புழு முட்டையும் உண்ணியும் கூடவே வரும்.

வெளியே விடுவதா? வேண்டாம் என்பதே என் கருத்து. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் சிறுத்தை இரவில் குடியிருப்புக்குள் வந்து நாயையும் பூனையையும் தூக்குவது புதிதல்ல. தேயிலைத் தோட்ட ஓரங்களில் காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பி, காய்கறித் தோட்டங்களில் எலிமருந்து, தெருநாய்கள் எல்லாம் உண்டு. மறுபக்கம், சோலைக்கிளி (பெயர்தான் கிளி, சோலைக்காட்டில் வாழும் சிறு பறவை) போலத் தரையோரம் இரை தேடும் பறவைகள் இந்த மலையைவிட்டால் வேறெங்கும் போக முடியாதவை, வயிறு நிறைந்த பூனையும் அவற்றைப் பிடிக்கும். சன்னலுக்கு வெளியே ஓரங்குல வெல்டு மெஷ்ஷில் நாலடிக்கு ஒரு கூண்டு அடித்து, உள்ளே பலகை இரண்டு வைத்தால் பகலில் காற்றும் வேடிக்கையும் கிடைக்கும். அந்த வலை சிறுத்தையைத் தடுக்காது, ஐந்து மணிக்கு உள்ளே எடுத்துச் சன்னலைச் சாத்திவிட வேண்டும். தீனிக் கிண்ணத்தை வாசலில் விட்டால் பன்றியும் கரடியும் தேடி வரும்.

உள்ளேயே இருப்பவனுக்கு ஓட்டம் வேண்டும். கயிற்று நுனியில் இறகு கட்டி, காலை பத்து நிமிடம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம். கடைசியில் பிடிக்க விடுங்கள், உடனே சோறு வையுங்கள்; துரத்து, பிடி, தின், தூங்கு என்பது அவன் வரிசை. தென்னங்கயிறு சுற்றிய மூன்றடிக் கட்டை, ஆடாமல் நிற்பதாக, படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தால் சோபா தப்பும்.

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். மூன்று நோய்க்கான கூட்டுத் தடுப்பூசியும் வெறிநோய்த் தடுப்பூசியும் தவணை தப்பியிருந்தால் இந்த மாதமே போட்டுவிடுங்கள். வெறிநோய்ச் சிகிச்சைக்கென்று தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இருக்கிற குன்னூர் பக்கத்திலேயே இருப்பதால் வெறிநோய் நம் ஊரில் இல்லை என்று ஆகிவிடாது. எந்தப் பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். குடற்புழு மருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வாலடியில் அரிசி போல ஒட்டியிருந்தால் அது தெள்ளுப்பூச்சி வழி வந்த நாடாப்புழு, தெள்ளுக்கும் சேர்த்து மருந்து வேண்டும். நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் சொட்டுமருந்தைப் பூனைமேல் விட்டுவிடாதீர்கள், வலிப்பு வந்து செத்துப்போகும்.

கடைசியாக, கூடை. இரவில் அடைப்பு வந்தால் மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ வளைவுகளில் இறங்க வேண்டியிருக்கும். அங்கே இரவில் பூனை பார்க்கும் மருத்துவமனை எது என்று இப்போதே விசாரித்து எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கூடையைப் பரண்மேல் போடாமல் கதவைத் திறந்து, உள்ளே அவன் துணியை விரித்துக் கூடத்திலேயே வைத்திருங்கள். வாரத்தில் இரண்டு நாள் சோறே அதற்குள் வைத்தால் பழகிவிடுவான். வலியில் கிடக்கும் பூனையை முன்பின் பழகாத கூடைக்குள் திணிக்க அரை மணி நேரமும் இரண்டு கையும் போகும்.