நரம்பு வலிக்கு டென்ஸ் கருவி உதவுமா? சர்க்கரையால் பாதம் எரியும் அப்பாவுக்கு வாங்கலாமா?

வாங்கலாம், அவர் பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. டென்ஸ் என்பது தோலில் பட்டைகளை ஒட்டி, அவற்றின் வழியே லேசான கரண்டைச் செலுத்தும் சின்னப் பெட்டி. வலி தீர்ந்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கருவி ஓடும்போதும் அதற்கப்புறம் கொஞ்ச நேரமும் வலி அடங்கியிருக்கும், அவ்வளவுதான்.

நாங்கள் மலேசியாவில், பினாங்கின் பிறை என்ற ஊரில் இருக்கிறோம். அம்மாவுக்கு விலாவில் அக்கி வந்து, கொப்புளம் மூன்று வாரத்தில் காய்ந்தது. எரிச்சல் மட்டும் மாதக்கணக்கில் போகவே இல்லை. ரவிக்கைத் துணி உரசினாலே துடித்துப்போவார். மாத்திரையைக் கூட்டினால் தலைசுற்றல். பிசியோ சொல்லித்தான் டென்ஸ் வாங்கினேன். அம்மா அதற்கு வைத்த பெயர் 'கரண்டுப் பெட்டி'.

முதல் வாரம் பாழ், என்னால்தான். வலிக்கிற இடத்திலேயே பட்டையை ஒட்டி, கரண்டின் அளவையும் ஏற்றிவிட்டேன். தொட்டாலே எரிகிற தோல் அது! இரண்டு நாள் அம்மா பெட்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எரிகிற இடத்துக்கு மேலும் கீழும் நல்ல தோலில் ஒட்டி, 100 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு நூறு துடிப்பில், வைக்கச் சொன்னார் பிசியோ. கரண்டின் அளவு எவ்வளவு? அம்மா கணக்கில், "எறும்பு ஊரணும், கடிக்கக் கூடாது."

முட்டியை இடித்துக்கொண்டதும் தேய்க்கிறோமே, அதே வித்தைதான். தொடு உணர்வைக் கொண்டுபோகும் தடித்த நரம்புகளைத் தூண்டினால், தண்டுவடத்தில் வலிக்கு வாசல் பாதி அடைபடும் என்று 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நரம்பு வலிக்கு டென்ஸ் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2017 காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) மறுஆய்வு, சான்றுகளின் தரம் மிகக் குறைவு, உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது என்றுதான் முடித்தது. அதனால் முடிந்தால் பிசியோவிடம் இரண்டு மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டுக் காசைப் போடுங்கள்.

நம் ஊர் வெக்கையில் பட்டை ஒட்டாது. குளித்ததும் பவுடர் போடுகிற ஆள் என்றால் கேட்கவே வேண்டாம். ஓரம் கிளம்பினால், ஒட்டியிருக்கிற துளி இடத்தில் மொத்தக் கரண்டும் இறங்கிச் சுருக்கென்று குத்தும். ஈரத்துணியால் துடைத்து, காற்றாடிக்கு அடியில் காயவிட்டு ஒட்டுவோம். போகப்போகப் பெட்டியைவிடப் பட்டைக்குத்தான் செலவு.

இனி அப்பா விஷயம். கண்ணை மூடச் சொல்லி, பாதத்தைப் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். மரத்த இடத்தில் ஒட்டவே கூடாது. சுடுவது தெரியாமல் புண்ணாகிவிடும், சர்க்கரைக்காரர் பாதப்புண் எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்கே தெரியும். உணர்வு நன்றாக உள்ள கெண்டைக்காலில் ஒட்டலாமா என்று பிசியோவிடம் கேளுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் இதய மருத்துவரைக் கேட்காமல் பெட்டியைத் தொடாதீர்கள். கழுத்தின் முன்பக்கம் யாருக்குமே கூடாது.

அம்மா இப்போது நாள் முழுக்கப் போடுவதில்லை. படுக்கும் முன் முக்கால் மணி நேரம், அப்புறம் வெளியே கிளம்பும் நாட்களில். போன தைப்பூசத்துக்குப் பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோவிலின் 513 படிகளையும் ஏறக் கிளம்பினார். பாதியில் வியர்வையில் ஒரு பட்டை கழன்று கையோடு வந்துவிட்டது. பெட்டியை அணைத்து என் பையில் திணித்துவிட்டு, "இனி அவன் பார்த்துக்குவான், நீ வா" என்று முன்னால் போய்விட்டார்.