மோட்டாரை நிறுத்திவிட்டு முதலில் மிதக்க விடுங்கள்

கேள்வி: மாணவர் போட்டிக்காகத் தானாக இயங்கும் நீர்மூழ்கி ஒன்றைச் செய்கிறோம். நேராகப் போகச் சொன்னால் மூக்கைக் கீழே சாய்த்துக்கொண்டு இடது பக்கம் ஒதுங்குகிறது. பிஐடி (போக வேண்டிய நிலைக்கும் இருக்கும் நிலைக்கும் உள்ள பிழையைப் பார்த்து மோட்டாரைத் திருத்தும் நிரல்) எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தும் சரியாகவில்லை. எங்கே கோளாறு?

பதில்: பிஐடியைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். இப்படி வரும் புகார்களில் பெரும்பாலும் குற்றவாளி நிரல் அல்ல, எடைதான்.

மோட்டார்களை நிறுத்திவிட்டு வண்டியைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். அப்போதே மூக்கு சாய்ந்தால், ஈர்ப்பு மையம் (எடை கீழே இழுக்கும் புள்ளி) மிதப்பு மையத்துக்கு (தண்ணீர் மேலே தூக்கும் புள்ளி) நேர் கீழே இல்லை என்று அர்த்தம். இருப்பதிலேயே கனமானது பேட்டரி என்பதால் முதலில் அதைப் பின்னால் நகர்த்துங்கள். அது போதாவிட்டால் மேலே நுரைத்துண்டு, கீழே ஈயக்கட்டி. இரண்டு மையங்களுக்கும் நடுவே செங்குத்து இடைவெளி கூடக் கூட, சாய்ந்த வண்டி தானாகவே நிமிரும். நுரை மூடிய துளைகள் கொண்டதாக இருக்கட்டும். சாதாரண ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடித்துவிடும்.

மின்சாரம் போனால் வண்டி தானே மேலே வர வேண்டும். ரோபோசப் என்ற மாணவர் நீர்மூழ்கிப் போட்டியின் விதிகளில், அணைத்த நிலையில் எடையில் குறைந்தது 0.5 சதவீதம் கூடுதல் மிதப்பு கேட்பார்கள். 30 கிலோ வண்டிக்கு அது 150 கிராம்தான். அதற்கு மேல் ஏகப்பட்ட மிதப்பு வைத்தால், ஆழத்தில் நிற்கவே பேட்டரி கரையும். ஆனால் நன்னீரில் சரிசெய்ததைக் கடல்நீரில் அப்படியே இறக்காதீர்கள். கடல்நீர் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. அதே வண்டிக்கு முக்கால் கிலோ கூடுதல் மிதப்பு வந்துவிடும்.

நின்றால் மட்டமாக இருந்து, ஓடும்போது மட்டும் மூக்கு இறங்குகிறதா? அப்படியானால் முன்னோக்கித் தள்ளும் த்ரஸ்டர்கள் (விசிறி பூட்டிய மோட்டார்கள்) நீரின் இழுவை மையத்துக்கு (நீரின் எதிர்ப்பு பின்னால் இழுக்கும் புள்ளி) மேலே இருக்கின்றன. கொஞ்சம் கீழே இறக்கி மாட்டுங்கள்.

அடுத்து, இடது பக்கம் ஒதுங்குவது. ஒரு த்ரஸ்டரைத் திருப்பி மாட்டிவிட்டு, அதைப் பின்னோக்கிச் சுழலவைத்து ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள். பெரும்பாலான விசிறிகள் பின்னோக்கிச் சுழன்றால் வலு குறைவாகத்தான் தள்ளும். அது சரியாக இருந்தால் சந்தேகம் திசைகாட்டி மேல்தான். மோட்டார் கம்பிகளில் மின்னோட்டம் ஏறும்போது காந்தப்புலமும் மாறும். மேசைமேல் செய்த அளவுத்திருத்தம் அங்கே செல்லாது. த்ரஸ்டர்களை ஓடவிட்டு, திசை எண் தாவுகிறதா என்று கவனியுங்கள். தாவினால் உணரியைப் பேட்டரியிலிருந்து தள்ளி வையுங்கள், நேர், எதிர்க் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி இழுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு பிஐடிக்குத் திரும்புங்கள். முதலில் ஆழம், அப்புறம் திசை. இரண்டையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். ஆழ உணரியை நம்பலாம், மீட்டருக்குச் சுமார் 100 மில்லிபார் என்று அழுத்தம் சீராக ஏறும். பி (இப்போதைய பிழைக்கு ஏற்பத் திருத்துவது), டி (பிழை மாறும் வேகத்துக்கு ஏற்பத் திருத்துவது) இரண்டும் அமைந்த பின் ஐ-யை (சேர்ந்துகொண்டே போகும் பிழைக்கு ஏற்பத் திருத்துவது) துளியளவு சேர்த்தால் போதும். ஐ நிறையத் தேவைப்பட்டால், மிதப்பு இன்னும் சரியாகவில்லை. மறுபடியும் எடையைப் பாருங்கள்.